ராணியின் குடமும் இரண்டு சதமும்

மண்ணுக்குள் ஏழு முழம் பார்க்கும் கண் படைத்த நேத்திரானந்த சுவாமிகள் மாத்தளைக்கு எழுந்தருளினார். அவரைத் தரிசித்தவர்களுக்கோ கண்முன் இருப்பதும் தெரியாமற் போயிற்று.

புதிய சந்தைக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது பழங்காலச் செங்கற்சுவர் ஒன்று தென்பட்டிருந்தது. தொல்பொருள் அதிகாரிகள் வந்து தோண்டினார்கள்; அளந்தார்கள்; படம் வரைந்தார்கள். எண்ணூறு ஆண்டு பழையது என்று சொல்லி, குழியைப் பத்திரமாக மூடிவிட்டுப் போனார்கள். மறுமாதமே சுவாமிகள் அதே குழியை ஊரறியத் தோண்டி, செம்புக் குடமொன்றை எடுத்தார். உள்ளே ராணியொருத்தி புதைத்த மருந்து நீராம். எண்ணூறு ஆண்டாக அந்த நீர் வற்றாதது எப்படி என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

எல்கடுவத் தோட்டத்து ராசம்மா, மூன்று நாட் காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளிற் சாய்த்தபடி, குழியோரத்து அந்த வரிசையில் நின்றாள். சுவாமிகளின் விதி இரண்டு: தோட்டைக் கழற்றிக் குடத்தில் போடவேண்டும், மூன்று வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி மருந்தைத் தொடக்கூடாது. பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தைச் சுட்டது. ஒரு தோடு கழன்றுவிட்டது. மற்றதன் திருகாணி அசையவில்லை. அந்தத் திருகாணிக்கிருந்த பிடிவாதம் வரிசையில் ஒருவருக்கும் இல்லை.

அவள் கணவனின் தம்பி அழகமுத்து ஓடிவந்தான். அகழ்வில் மண் வெட்டியவன் அவன்.

“அண்ணி, ஆஸ்பத்திரி அரைக்கட்டைத் தூரந்தான். புள்ளையத் தூக்கிட்டு வாங்க.”

“சும்மா இருங்க தம்பி. ராணியம்மா கோவிச்சுக்குவாங்க.”

“அப்ப அவங்களையே கேட்டுப்புடுவோம்.” சுவாமிகளை நோக்கித் திரும்பினான். “சாமி, கொடம் இருந்த எடத்துக்குக் கீழ ஒரு முழத்துல என்னா இருக்கு?”

சுவாமிகள் கண்களை மூடிக்கொண்டார். “ராணியின் மோதிரம். தொடுபவன் கை அழுகும்.”

“எனக்குத் தெரியுறது, அறுபத்துமூணுன்னு போட்ட ரெண்டு சதக் காசு. அழுகுனா எங் கைதானே சாமி.”

கூட்டம் பின்வாங்கியது. மண்வெட்டி குழியில் இறங்கியது. அழகமுத்து நிமிர்ந்தபோது அவன் விரலிடையே மின்னியது, நெளிவிளிம்புள்ள அலுமினிய இரண்டு சதம், ஆண்டு 1963.

“போன மாசம் இந்தக் குழிய மூடுனதே நாந்தான். மூடுறதுக்கு முந்தி அடியில அந்தந்த வருசத்துப் புதுக் காசு ஒண்ணு போடுறது, தோண்ட வந்த தொரைமாரோட வழக்கம். பொறகு தோண்டுறவங்களுக்கு, இது முந்தியே தோண்டுன எடம்னு தெரியணுமாம். காசு கீழ, கொடம் மேல. எது முந்திப் போச்சு அண்ணி?”

“காசு,” என்றாள் ராசம்மா. அவள் பார்வை சுவாமிகளிடம் திரும்பியது. “போன மாசத்துத் தண்ணியவா எம் புள்ளைக்குக் குடுக்கப் பாத்தீங்க?”

“பாதாளத்தில் காலம் தலைகீழாக ஓடும்,” என்ற சுவாமிகள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தாமும் ஓட ஆயத்தமானார்.

துணிக்கடை மக்கீன் முதலாளி வழிமறித்தார். “நீங்க போங்க சாமி. கொடத்த வெச்சிட்டுப் போங்க. ஊட்டுப் பொம்புளைகள்ட நகையெல்லாம் அதுக்குள்ளதான்.”

ராசம்மா அதையெல்லாம் பார்த்து நிற்கவில்லை. ஒரு தோடு காதிலும் மற்றது கையிலுமாக ஆஸ்பத்திரிக்கு விரைந்தாள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் பிள்ளை பிழைத்திராது என்றார் வைத்தியர்.

சந்தையிலோ, பெரியவர் ஒருவர் அந்த இரண்டு சதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

மண்ணைத் தோண்ட மண்வெட்டி வேண்டும். சாமியாரைத் தோண்ட ஒரு கேள்வி போதும். அதையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறீர்களே, ஐயா!