விதி எண் ஏழு: நற்பெயர்

ஒரு வீரனுக்கு நற்பெயர் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதை எழுத்துமூலமாக வரையறுக்கும் பெரும் பொறுப்பு, காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் சுகாசினியின் தலையில் விழுந்திருந்தது. யாரும் சுமத்தவில்லை, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டதுதான். மூன்று வருடமாக ஒரு மேசை விளையாட்டைச் செய்துகொண்டிருந்தாள். நாலு பேர், ஆளுக்கொரு குதிரைவீரன். பகடை உருட்டி, யாளியிடமிருந்து ஊர்களைக் காக்க வேண்டும். காத்தால் நற்பெயர் ஒன்று கூடும், பயந்து ஓடினால் ஒன்று குறையும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விதி.

விளையாட்டுகளை வெளியிடும் மங்கையர்க்கரசி, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் மூன்று வருட உழைப்பும் பரணுக்குப் போகும். ஆடிக்காட்ட ஒரு கூடம் வேண்டும். கூடம் அரசாங்கத்தினுடையது. சாவி, கேளிக்கை நெறிப்படுத்தும் பிரிவின் கண்காணிப்பாளர் தேவேந்திரனிடம் இருந்தது.

அவர் விதிப்புத்தகத்தை வாங்கிப் பதினோரு நாள் பரிசீலித்தார்.

"வீரனுக்கு நல்ல பேருன்னு போட்டிருக்கீங்க. யாரு சொன்னது?"

"அவன் காப்பாத்தின ஊர் ஜனங்க சார்."

"ஜனங்க வாயால சொன்னதை ஃபைல்ல எப்படிம்மா வைக்கிறது? கண்ணுக்குத் தெரியணும்."

"என்ன தெரியணும் சார்?"

"பொன்னாடை" என்றார், இதுகூடத் தெரியாமல் வளர்ந்துவிட்டாளே என்ற வருத்தத்தோடு. "ஒரு பொன்னாடை, ஒரு நல்ல பேரு. பட்டு நெய்யற ஊர்ல உக்காந்துக்கினு இதை நான் சொல்லணுமா?"

"யார் போர்த்தணும் சார்?"

தேவேந்திரன் யோசித்தார். ஒரு துறையை எழுதினால் இன்னொரு துறையின் மனம் புண்படும். ஆகவே, 'யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போர்த்தலாம்' என்று தம் கைப்படவே விதி ஏழைத் திருத்திச் சாவியைக் கொடுத்தார். சுகாசினிக்கு அது பிடிக்கவில்லை. கூடம் வேண்டுமே. பட்டென்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த துணியை வாங்கி, வீரர் பொம்மைகளுக்கு ஏற்றபடி குட்டிப் பொன்னாடைகள் வெட்டினாள்.

ஞாயிறு காலை ஆட்டம் தொடங்கியது. மங்கையர்க்கரசி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். தேவேந்திரன் சிறப்பு விருந்தினராகத் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் பகடையிலேயே யாளி முசரவாக்கம் என்ற ஊருக்குள் புகுந்துவிட்டது.

ஆட வந்த நால்வரில் எலெக்ட்ரீஷியன் கமல் வாளை எடுக்கவில்லை, விதிப்புத்தகத்தை எடுத்தான். "யாருக்கு வேணா போர்த்தலாம்னு இருக்குதுபா" என்று ஜான்சனின் வீரனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினான். ஆம்புலன்ஸ் ஓட்டும் ஜான்சன் நன்றி மறக்காதவர். அதே பொன்னாடையை உருவிக் கமலின் வீரனுக்குப் போர்த்தினார். ஆளுக்கொரு நற்பெயர். அங்கிருந்து அது தறி நெய்யும் ஏலவார்குழலிக்குப் போயிற்று. அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது பட்டு இல்லபா. பாலியெஸ்டர்."

"போர்த்திக்கிறவங்க அதெல்லாம் பாக்கமாட்டாங்கமா. இப்படித் தள்ளு" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தனசேகரன்.

"சார், யாளி ஊரைத் தின்னுக்கினு இருக்குது" என்றாள் சுகாசினி.

"விழா முடியட்டும்மா" என்றார் தனசேகரன்.

முசரவாக்கம் போயிற்று. கூரம் போயிற்று. யாளி திருமுக்கூடலை நெருங்கியபோது வீரர்களுக்கு ஆளுக்குப் பத்தொன்பது நற்பெயர். ஒருவனும் குதிரை ஏறியிருக்கவில்லை. தனசேகரன் மறுபடி புத்தகத்தைப் புரட்டி, யாளிக்குப் போர்த்தக்கூடாது என்று எங்கும் இல்லை என்றார். காலையிலிருந்து உழைத்தது அது ஒன்றுதான் என்பதையும் யாரும் மறுக்க முடியவில்லை. நால்வரும் முறைப்படி போர்த்தினார்கள். யாளியின் சார்பில் தேவேந்திரன் ஏற்புரை வழங்கினார்.

இந்த விதி நான் எழுதியதில்லை என்று உடைத்துச் சொல்லிவிடலாம் எனச் சுகாசினி எழுந்தாள். அதற்குள் மங்கையர்க்கரசி பேனாவை மூடினார்.

"வெளியிடறோம். விதி ஏழை மட்டும் மாத்திடாதீங்க. அதை எழுதினவங்களுக்கு மனுஷங்களை நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"மேடம், அந்த விதி வந்து..."

"விதிகளின் ஆசிரியருக்கு" என்று அறிவித்தபடியே தேவேந்திரன் ஒரு முழு அளவுப் பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். கூடம் கைதட்டியது. சுகாசினி திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு பொன்னாடையின் ஜரிகைப் பக்கத்தை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, கமல் பக்கம் திரும்பினாள்.

"ஃபோட்டோ எடுத்தியாபா?"