சிவப்புக் காருக்கு றப்பர் சப்பாத்து

இயேசு மரி சூசை

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
மொன்றியல்.
19 டிசம்பர் 2008

அன்புள்ள மருமகன் றெனோல்டுக்கு, மாமா நீக்கிலாப்பிள்ளை ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

அல்பேர்ட்டாவில் மைனஸ் முப்பது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். உங்கள் வேலை முகாமில் ஹீற்றர் ஒழுங்காக இயங்குகிறது என்றும், நீங்கள் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறீர்கள் என்றும் நம்புகிறேன். இங்கே அஜிதாவும் பேத்தி றொஷினியும் சுகம். நானும் சுகம், இடது முழங்கையைத் தவிர. அது வீங்கியிருக்கிறதே ஒழிய முறியவில்லை. எழுதுவது வலது கை என்பதால் இந்தக் கடிதத்துக்குப் பாதகம் எதுவும் இல்லை.

நீங்கள் இம்மாதம் ஏழாம் திகதி தொலைபேசியில் சொன்னதை அப்படியே கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். "மாமா, காருக்கு விண்டர் ரயர் போட்டு நீங்களே ஓடிப் பாருங்கோ. பனியில அது சரிவராதெண்டு நீங்கள் எழுதினால் நான் வித்துப்போடுறன். அஜிதா சொன்னால் அவவுக்கு அந்தக் காரில கோவம் எண்டு நினைப்பன். நீங்கள் சொன்னால் சொன்னதுதான்." இப்படிச் சொல்லிவிட்டு நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். முப்பத்தாறு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து, அயலட்டைக்காரர் இருவருக்கு நடுவே எல்லைக்கல் நாட்டி, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவன் நான். ஆனால் ஒரு பக்கம் மகளும் மறு பக்கம் மருமகனுமாக ஒரு எல்லையை எனக்கு யாரும் தந்ததில்லை. அஜிதாவின் வாதம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் இத்தனை பேர் இருக்க அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது இரண்டு இருக்கை, குளிர்காலம் முழுவதும் அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றிப் பனி வழிப்பது அவள். உங்கள் வாதத்தை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று எங்கள் எல்லோருக்கும் கைகாட்டிய பிறகு அந்தக் காரின் கூரையை ஒருமுறை தடவிவிட்டுப் போனீர்கள். அதை நான் ஜன்னலால் கண்டேன்.

டிசம்பர் பதினைந்துக்குப் பிறகு பனிக்கால ரயர் இல்லாமல் கியூபெக்கில் ஓடக்கூடாது என்று இந்த வருடம் சட்டம் வந்துவிட்டதால் ஊரே ரயர்க் கடை வாசலில் நின்றது. நல்லவேளையாக, கடை வைத்திருக்கும் விமலநாதன் நம்முடைய ஆள் என்பதால் பதினோராம் திகதி காலை வரச் சொன்னார். பக்கத்து வீட்டு அருளம்பலம், "அண்ணை, தனியப் போகாதேங்கோ, நானும் வாறன்" என்று வந்து ஏறினார். ஏறினார் என்று எழுதிவிட்டேன். உண்மையில் இறங்கினார் என்பதே பொருந்தும், நிலத்தைத் தொடுவதுபோல அந்த இருக்கை அவ்வளவு பதிவு. அன்று மைனஸ் பதினொன்று, காரில் இருந்தது கோடை ரயர். தெருமுனையில் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பினேன். முன்சில்லுகள் இரண்டும் வலப்பக்கம் பார்த்தன, கார் நேரே போனது. பிறேக்கை மிதித்தேன், இன்னும் நிம்மதியாக நேரே போனது. அருளம்பலம், "அண்ணை, றோட்டு இஞ்சாலை" என்றார். "எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியேல்லை" என்றேன். எதிரே இருந்த பனிக்குவியல் எங்களை மெத்தையைப் போல் ஏந்திக்கொண்டது. காரில் கீறல் இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன்.

விமலநாதன் பழைய ரயரை நகத்தால் தட்டிக் காட்டினார். "சத்தத்தைக் கேளுங்கோ அண்ணை. இது வெய்யிலுக்குச் செய்த றப்பர். ஏழு பாகைக்குக் கீழ போனால் பிளாஸ்ரிக் வாளி மாதிரி விறைச்சுப்போம். உதோட நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச வந்து சேந்ததே பெரிய காரியம்." பிறகு அவர் போட்ட ரயர்கள் அகலம் குறைந்தவை, விரலால் அமுக்கினால் இளகிக் கொடுப்பவை, மேலெல்லாம் பிளேட்டால் கீறியதுபோல நுணுக்கமான வெட்டுகள். அவற்றோடு கார் நின்ற கோலத்தைப் பார்க்க, ஓட்டப்பந்தயக்காரன் ஒருவனைப் பிடித்து முழங்கால்வரை றப்பர் சப்பாத்து மாட்டிவிட்டதுபோல் இருந்தது. காசு கொடுத்துத் திரும்பும்போது விமலநாதன் என் காதுக்குள், "விக்கிற எண்ணம் வந்தால் எனக்குச் சொல்லுங்கோ. நத்தாருக்கு முதல் சொன்னால் நல்லம்" என்றார். ரயர் போட வந்தவனிடம் இப்படிக் கேட்பது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அந்தக் காரைப் பார்த்த பார்வை உங்கள் பார்வையைப் போலவே இருந்தது.

இனிப் பரிசோதனைகள். சுவாமியாரிடம் அனுமதி பெற்று, நம் பங்குக் கோயிலின் கார் தரிப்பிடத்தில், தினமும் காலை பத்து மணிக்கு நடத்தினேன். ஐம்பது மீற்றர் அளவுநாடாவின் ஒரு நுனியை அருளம்பலம் பிடித்தார். முதல் நாள் பனி வழித்த காய்ந்த தார். அதில் இந்த ரயர் உங்களுக்குப் பிடிக்காது, தம்பி. ஸ்ரியறிங்கைத் திருப்பினால் முதலில் றப்பர் நெளிகிறது, பிறகுதான் செய்தி காருக்குப் போய்ச் சேர்கிறது. திணைக்களத்தில் கோப்பு நகர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த நாள் பனி கொட்டியதும் நிலைமை மாறியது. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் பிறேக் பிடித்தேன், இருபத்திரண்டு மீற்றரில் நின்றது. திருப்பினால் திரும்பியது. புறப்படும்போது மட்டும் பின்பக்கம் வாலாட்டியது. இழுவை பின்சில்லில் இருக்க, பாரமெல்லாம் முன்னால் இருப்பது அதற்குக் காரணம். டிக்கிக்குள் மணல் மூட்டை போடும்படி விமலநாதன் சொல்லியிருந்தார். அருளம்பலம் ஒத்துக்கொள்ளவில்லை. "மணலை வாங்கிப் பேந்து என்ன செய்யிறது அண்ணை? அரிசியெண்டால் பேந்து சமைக்கலாம்." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தமிழ்க்கடையில் நாற்பது இறாத்தல் புழுங்கலரிசி மூன்று மூட்டை வாங்கிப் பின்சில்லுக்கு மேலே படும்படி அடுக்கினோம். வாலாட்டம் அடங்கியது. கார் நல்ல பிள்ளையாக நேரே போனது.

அதன் பிறகுதான் குழப்பம் தொடங்கியது. ஞாயிறு ஓய்ந்திருந்து திங்கள் காலை ஓடினேன், லேசாக வாலாட்டியது. செவ்வாய் இன்னும் கூடியது. புதன் புறப்படும்போதே பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. பனியின் ஈரப்பதனையும், காற்றின் திசையையும், அருளம்பலத்தின் உடல் எடையையும் கொப்பியில் குறித்தேன். குளிரில் றப்பர் நாளுக்கு நாள் களைக்கிறது என்று ஒரு விளக்கமும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அந்தப் பக்கங்களை இப்போது கிழித்துவிட்டேன். வியாழன், அதாவது நேற்று, வளைவில் சற்றே கூடுதலாக வேகம் கொடுத்தேன். பின்பக்கம் கிளம்பியது, கார் முழு வட்டமாகச் சுழன்றது, என் முழங்கை கதவில் அடித்தது, வந்த திசையையே மறுபடி பார்த்தபடி நின்றோம். அருளம்பலம் "முருகா!" என்று கத்தினார். நானும் "முருகா!" என்றே கத்தியிருக்கிறேன். கோயில் படியில் நின்ற சுவாமியார் இரண்டு குரலையும் கேட்டார். நத்தார்ப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்ல வேண்டியதில் முதலாவது அதுதான்.

இறங்கி டிக்கியைத் திறந்தால் உள்ளே பனி கூட்டும் தும்புத்தடி ஒன்றும் ஒரு வெறும் சாக்கும். வீட்டுக்கு வந்து அஜிதாவைக் கேட்டேன்.

"ஓம் அப்பா, நான்தான் எடுத்தனான். ரெண்டு மூட்டை கோயில் நத்தார்ச் சாப்பாட்டுக்குக் குடுத்திட்டன். ஒண்டு வீட்டுக்கு."

"அது பாரத்துக்கு வைச்சதடி!"

"அரிசி அரிசிதானே. இவ்வளவு நாளும் நீங்கள் திண்ட சோறு எங்கயிருந்து வந்ததெண்டு நினைச்சனீங்கள்?"

செவ்வாய்க்கிழமை நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு பரிசோதகன் தன் பரிசோதனையைத் தானே கறியோடு பிசைந்து தின்றது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். இன்று காலை புதிதாக மூன்று மூட்டை வைத்து, டிக்கிச் சாவியை என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினேன். கார் நேராகத்தான் போனது. ரயரில் குற்றம் இல்லை, குற்றம் எங்கள் வீட்டுப் பானையில்.

ஆகவே, தம்பி, நீங்கள் கேட்ட தீர்ப்பு. பாதுகாப்பு என்று பார்த்தால் கார் பனியில் சரிவரும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய காரா அது என்று கேட்டால், இல்லை. நாலு மாதம் அது நினைத்ததைச் செய்யாது, சொன்னதைச் செய்யும், அதையும் சற்றுத் தாமதித்துத்தான் செய்யும். கிட்டத்தட்ட என்னைப்போல. அப்படி ஒரு காரை வைத்திருக்க உங்களுக்கு மனம் வராது என்றும், அதைச் சுற்றிப் பனி வழிக்க அஜிதாவின் இடுப்புக்கு இனி இயலாது என்றும் நினைக்கிறேன். விமலநாதனுக்கே கொடுத்துவிடுங்கள். இந்த வரியை எழுதும்போது அஜிதா பின்னால் நின்று, "எழுதியாச்சோ அப்பா?" என்று கேட்டுத் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள். தேத்தண்ணிக்கும் தீர்ப்புக்கும் தொடர்பு இல்லை. இல்லையென்றுதான் நினைக்கிறேன்.

குளிரில் கவனம். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட வேண்டாம். நத்தாரில் பிறக்கவிருக்கும் பாலன் இயேசு உங்களுக்கு நல்ல சுகத்தையும், நேரத்துக்குச் சாப்பாட்டையும், முகாமில் குறட்டை விடாத அறைத்தோழனையும் தரவேண்டும் என்று மன்றாடுகிறேன்.

அன்புள்ள மாமா,
சூ. நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: இதை உறையிலிட்டுத் தபாற்பெட்டியில் போடும்படி அஜிதாவிடம் கொடுத்தேன். வாசலில் அவளுடைய வானுக்குப் பின்னால் சிவப்புக் கார் வழியை மறித்து நின்றதால் அதையே எடுத்துக்கொண்டு போனாள். தபாற்பெட்டி ஐந்து நிமிட தூரம். அவள் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் கழித்து, கன்னம் இரண்டும் சிவக்க, கடிதத்தைக் கையில் பிடித்தபடியே வந்தாள். கோயில் தரிப்பிடத்தில் புதுப்பனி, ஒரு ஈ காக்கை இல்லையாம். "அப்பா, கோடை ரயர் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கும். இது சொல்லிப்போட்டு வழுக்குது. பிடிச்சுத் திருப்ப நேரம் தருது!" என்றாள். எத்தனை தரம் சுற்றினாய் என்று கேட்டேன். எண்ணவில்லையாம். என் மகள், எண்ணவில்லையாம்! கியர் மாற்ற எங்கே பழகினாய் என்று கேட்டேன். கலியாணத்துக்கு முதல் நீங்கள்தான் பழக்கினீர்களாம், புதன்கிழமைகளில். புதன்கிழமைகளில் பாடகர் குழுப் பயிற்சி என்றல்லவா எனக்குச் சொல்லப்பட்டது? போகட்டும். மேலே உள்ள தீர்ப்பை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "வெட்டாதேங்கோ. அவர் வாசிச்சுக் கொஞ்சம் பதறட்டும். கீழ எழுதுங்கோ" என்றாள். எனவே, தம்பி, இவ்வளவு நேரம் பதறியது போதும், நிறுத்திக்கொள்ளுங்கள். கார் விற்பனைக்கு இல்லை. ஆனால் ஏப்ரலில் நீங்கள் வந்து இறங்கியதும் அதன் சாவி உங்கள் கைக்குக் கிடைக்கும் என்று என்னால் உறுதி தரமுடியாது.