காசு கொடுத்து வாங்கிய புல்

மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்குத் தலைகால் புரியாது. இருபது வருடமாகப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவளிடம் "அஞ்சு நிமிஷம் பேசுங்க டீச்சர்" என்று சொன்னது பஞ்சாயத்தின் தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் வீடு கட்டியபோது வாசலுக்கு அழகாக ஏதாவது வைக்க ஆசைப்பட்டேன். நர்சரியில் ஒரு அலங்காரப் புல் இருந்தது. நரிவால் மாதிரி இளஞ்சிவப்புக் கதிர்கள், காற்றடித்தால் மொத்தமாகச் சாய்ந்து எழும். "தண்ணிகூட வேணாங்க, தானா வரும்" என்றார் நர்சரிக்காரர். தாவரவியல் படித்தவள் அந்த இடத்திலேயே ஓடி வந்திருக்க வேண்டும். நான் ஆறு தொட்டி வாங்கினேன்.

"ஊரே காசு குடுத்துப் புல்லப் புடுங்குது. நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்ற" என்றார் வீட்டுக்காரர். (ரசனை கெட்ட மனுஷன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், படிக்கட்டும்.)

ஐந்தை வாசலில் நட்டேன். ஒன்றை ஆண்டிமடத்து நாத்தனாருக்கு ஆசையாகக் கொடுத்தேன். காய்ந்த கதிர்களை வெட்டிச் சாணத்தோடு மக்கப் போட்டு, பக்கத்தில் சின்ன வெங்காயம் போடும் செல்வியக்காவுக்கு இயற்கை உரம் என்று ஏழெட்டு மூட்டை தானமும் செய்தேன். தானம் செய்ததைத் தெருவுக்கே சொன்னேன்.

பிறகுதான் கிராம சபை. அந்நியச் செடிகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். சீமைக் கருவேலத்தை ஒரு பிடி பிடித்தேன். உண்ணிச்செடிக்கு வந்ததும் குரல் தானாக ஏறியது. யாரோ ஒருவர் தன் வீட்டு வாசல் அழகுக்காகக் கொண்டுவந்தார், இன்றைக்கு ஊரே அவதிப்படுகிறது, அவரைக் கேட்க ஆளில்லை என்றேன். கைதட்டல்.

செல்வியக்கா எழுந்தார். கையில் வேரும் மண்ணுமாக ஒரு கட்டுப் புல்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதுவும் நீங்க சொல்ற கணக்குலதான் வருங்களா? மூணு தரம் களை எடுத்தாச்சு. உங்க குப்பை கொட்டுன பாத்தில மட்டுந்தான் மொளைக்குது. வெங்காயத்த எந்திரிக்கவே விடல."

பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. வெட்கத்தில் காது சுட்டது. அந்த வெங்காயத்தை நம்பித்தான் அவர் வீடு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மைக்கை விடவில்லை. என் புல்தான், நாளைக்கு நானே வந்து பிடுங்குகிறேன் என்றேன். எழுதிக்கொண்டு போனதில் மீதி இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். (ஒருத்தரும் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.)

வாசல் புல்லை அன்றைக்கே தோண்டி எரித்தேன். மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் செல்வியக்காவின் பாத்தியில் குந்தினேன். முதல் நாள் புல்லைவிட வெங்காயத்தைத்தான் அதிகம் பிடுங்கினேன். அவர் அதையெல்லாம் பொறுக்கி என் மடியில் போட்டு, குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பாதி வெங்காயம் தேறியது.

இனி வாசலில் முருங்கை, கறிவேப்பிலை என்று உருப்படியாக வைக்கச் சொன்னார்கள் ஊரில். நந்தியாவட்டை வைத்தேன். கூட்டிவந்த புல்தான் தப்பு, அழகுக்கு ஆசைப்பட்டது தப்பென்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன வருடம் ஆண்டிமடத்தில் நாத்தனார் மகள் நிச்சயதார்த்தம். முந்திரித் தோப்போரம் அதே இளஞ்சிவப்பு நரிவால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே விறகு பொறுக்கிய அம்மாவிடம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இது என்ன புல் என்று கேட்டேன்.

"டீச்சர் புல்லுங்க. ஆடுகூட வாய வைக்காது. பெரம்பலூர்ல எவளோ ஒரு டீச்சர் கொண்டாந்து வுட்டாளாம்."

வீட்டுக்காரர் முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த எவளோ நான்தாங்க. களைக்கொத்து இருந்தாக் குடுங்க" என்றேன். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். நிச்சயதார்த்த போட்டோவில் எனக்கு முழங்கை வரை மண்.

அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்திருக்கும் வரவேற்பு மேசையில் எனக்கென்று ஒரு களைக்கொத்தும் வைத்துவிடுகிறார்கள். நக்கல்தான். நானும் அதை எடுத்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிறேன்.