நீங்கள் சுமந்த ஆயிரத்து நானூற்று அறுபது கிராம்

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை கை வரவில்லை. உங்கள் வலது முழங்கால் சௌக்கியமாக இல்லை என்பதும், அதற்குக் காரணம் யார் என்பதும் எனக்குத் தெரியும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீங்கள் "சொல்லுங்க மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். நானும் சாப்பிட்டதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்படியே நான் துணிந்து ஆரம்பித்திருந்தாலும், விஷயம் முடிவதற்குள் "பரவாயில்ல விடுங்க மாமா" என்று சொல்லியிருப்பீர்கள். காகிதம் அப்படிக் குறுக்கே பேசாது. அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து இதை உட்கார்ந்துகொண்டு, காலை நீட்டிவைத்துக்கொண்டு படிக்கவும்.

முந்தாநாள் என் மகள் பேசினாள். "அப்பா, அவரு மலையேற்றக் குழுவுல இருந்து பேரை எடுத்துட்டாரு. அந்த ஷூவைக்கூட ஆபீஸ்ல யாருக்கோ குடுத்துட்டாரு. அறுபத்திமூணு வயசுல மாமா கேமராவைச் சுமந்துக்கிட்டு முன்னாடி ஓடுறாரு, முப்பத்திநாலு வயசுல நான் பாறையில உக்காந்து மூச்சு வாங்குறேன், எனக்கெதுக்கு இந்த ஆசைங்கறாரு. மூணு நாளா பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுறாரு" என்றாள். நான் "அப்படியா" என்றேன். மாப்பிள்ளை, என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது அந்த "அப்படியா". ஆனால் சொன்னதிலிருந்து எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. நானும் நீங்களும் உங்கள் அத்தையும் போகிற அந்த மலையேற்றக் குழுவிலும் என்னைத் "தராசு சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு மலை அடிவாரத்தில் வழிகாட்டிப் பெண் கொக்கித் தராசை வெளியே எடுத்து, "ஆளுக்கு ஏழு கிலோதான், அதுக்கு மேல இருந்தா இங்கேயே வச்சிட்டுப் போகணும்" என்று சொன்னதும், நான்தானே முந்திக்கொண்டு போய் அதைக் கையில் வாங்கினேன்? பதினொரு பேருடைய பைகளையும் நான்தான் எடை போட்டேன். உங்கள் பை ஏழு கிலோ இருநூறு இருந்தது. எல்லார் முன்னாலும், "என்ன மாப்பிள்ளை, மலைக்குப் போறோமா, மாமியார் வீட்டுக்குப் போறோமா? ரெண்டாவது சட்டை எதுக்கு?" என்று கேட்டு, உங்கள் சட்டையையும் துண்டையும் சோப்பு டப்பாவையும் வெளியே எடுத்து வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கடைசியாக என் பையை மாட்டினேன். ஆறு கிலோ தொள்ளாயிரம் என்று உரக்கப் படித்தேன். வழிகாட்டிப் பெண் கூட, "பாருங்க, சார்கிட்ட கத்துக்குங்க" என்றாள்.

மாப்பிள்ளை, என் பையின் உண்மையான எடை எட்டு கிலோ எழுநூறு. படிக்கும்போது பைக்கு அடியில் என் காலை முட்டுக் கொடுத்திருந்தேன்.

இதே தந்திரத்துக்காக, இல்லை, இதைவிடச் சின்னத் தந்திரத்துக்காக, ஒரு மளிகைக் கடைக்காரரை நான் பிடித்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் பொத்தான் அளவு ஒரு காந்தம் ஒட்டிவைத்திருந்தார். அவருடைய மகள் பள்ளிக்கூடச் சீருடையில் கல்லா ஓரமாக நின்றிருந்தாள். அவள் காது படவே, "மனசாட்சியும் எடையில குறையுதோ?" என்று கேட்டேன். நல்ல வசனம் பேசிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் வேறு சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்த மனிதர் அன்றைக்குத் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததும் இல்லை. இப்போது முகம் சவரம் செய்யும்போதெல்லாம் பார்க்கிறேன்.

சரி, ஏமாற்றியவன் அந்தப் பாரத்தையாவது தானே சுமந்திருக்க வேண்டும் அல்லவா? முதல் அரை மணி நேரத்தில் எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது. கேமரா ஒரு கிலோ, அதன் சின்ன லென்ஸ் எண்ணூற்றுச் சொச்சம், நீள லென்ஸ் ஆயிரத்து நானூற்று அறுபது, கேமராவை நிறுத்தும் முக்காலி வேறு. ஓடையைத் தாண்டியதும் எல்லாரும் பைகளை ஒரு பாறைமேல் வைத்துவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனீர்கள். பாறைக்குப் பக்கத்தில் நான் ஒருவன்தான். உங்கள் பையில் என் புண்ணியத்தால் ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு சோப்பு டப்பா அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஐந்தே நிமிடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அந்த நீள லென்ஸை உறையோடு உங்கள் பையின் அடியில் செருகினேன். அடுத்த திருப்பத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் பை இலேசானதும் கால் கேட்கவில்லை, மாப்பிள்ளை. இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. வழிகாட்டிப் பெண்ணுக்குப் பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் வளைவுக்கு வளைவு பின்தங்கிக்கொண்டே இருந்தீர்கள். "மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "நாற்காலியில உக்காந்தே வேலை பாக்குற பிள்ளைங்க, என்ன செய்யும் பாவம்" என்றேன். கேட்டவர் தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். பூமி அப்படியே இருந்தது.

உச்சிக்கு முந்நூறு அடி கீழே நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று செய்தி வந்தபோது, நான் உச்சியில் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் உங்கள் அத்தை. அப்போதுதான் எதிர்ச் சரிவில், ஒரு பாறை நுனியில், அந்தக் காட்டு ஆடு வந்து நின்றது. கொம்பு வளைந்து, தாடி காற்றில் ஆட, பின்னால் மூடுபனி திரைச்சீலை மாதிரி விலக, மகாராஜா மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. "சார், உங்ககிட்டதான் பெரிய லென்ஸ் இருக்கே, எடுங்க எடுங்க!" என்று எல்லாரும் கத்தினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் என்ன செய்ய முடியும்? "வெளிச்சம் சரியில்ல" என்றேன். பிறகு சின்ன லென்ஸிலேயே எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் குழுவில் எல்லாருக்கும் அனுப்பினேன். நடுவில் இருக்கும் கறுப்புப் புள்ளிதான் ஆடு. இடது ஓரத்தில் இருப்பது லென்ஸில் விழுந்த தூசி. நீங்கள் பெருந்தன்மையாக "அருமை மாமா" என்று பதில் போட்டு, தூசியை வட்டமிட்டுக் காட்டியிருந்தீர்கள்.

கீழே இறங்கியதும், பனியில் நனைந்த பைகளையெல்லாம் உங்கள் அத்தை வேனுக்குப் பக்கத்தில் கொட்டி, அவரவர் சாமானைப் பிரித்துவைத்தாள். அந்தக் குவியலில் லென்ஸும் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் அந்தப் பக்கம் முழங்காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்து, "மாமா, உங்க வயசுல நான் இப்படி இருப்பேனான்னு தெரியல" என்றீர்கள். இருக்காதீர்கள், மாப்பிள்ளை. வேண்டவே வேண்டாம்.

மகள் பேசிய மறுநாள் காலை கடை திறக்கும்போதே கேமராக் கடை வாசலில் நின்றேன். மலைக்குத் தூக்கிப்போக இலேசான கேமரா வேண்டும் என்றேன். அங்கே இருந்த விற்பனைப் பெண் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் சட்டைப் பையிலிருந்து என் சொந்தக் கைத்தராசை எடுத்தேன். "எடை பெட்டியிலயே போட்டிருக்கு சார்" என்றாள். "பேட்டரியோடவா, பேட்டரி இல்லாமலா?" என்றேன். "இல்லாம." "கார்டு? கழுத்துப்பட்டை?" "அதுவும் இல்லாம." என் பழைய உத்தியோகம் தலைக்கேறிவிட்டது. "ஏம்மா, பேட்டரி இல்லாம எந்த மலையில படம் எடுக்கிறது? இது ஜனங்களை ஏமாத்துறதில்லையா?" என்று குரலை உயர்த்திவிட்டேன். கடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது எனக்கு அந்த அடிவாரமும், பைக்கு அடியில் முட்டுக் கொடுத்த காலும் ஞாபகம் வந்து, காது மடல் வரைக்கும் சுட்டது. "மன்னிச்சிக்கம்மா" என்று தராசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் கேமரா சீட்டுக்கட்டு அளவுதான். ஆனால் என் கட்டைவிரல் ஒன்றே மூன்று பொத்தான்களை அமுக்கியது. இரண்டாவதில் உடம்பு இலேசு, மூக்கு கனம். கழுத்தில் மாட்டினால் தலைகுப்புறத் தொங்கியது. மூன்றாவதுதான் கையில் உட்கார்ந்தது. பேட்டரி, கார்டு, பட்டை எல்லாம் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம். லென்ஸ் உள்ளேயே மடங்கிக்கொள்கிறது. "வெயில்ல பின்னாடி இருக்கிற திரை தெரியாது சார். இதுல கண்ணை வச்சுப் பாக்குற ஜன்னல் இருக்கு, மலைக்கு இதுதான் சரி" என்றாள். "தூரத்துல இருக்கிறது பெரிசா வராதே?" என்றேன். "கொஞ்சம் கிட்டப் போய் எடுங்க சார்" என்றாள். அறுபத்திமூன்று வருடத்தில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

கையோடு கொண்டுபோன பழையதையெல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு அதை வாங்கினேன். நீள லென்ஸைக் கையில் வாங்கியவள், "அம்மாடி, இதைத் தூக்கிக்கிட்டா மலை ஏறினீங்க?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். லென்ஸ் ஏறியது உண்மை, நான் ஏறியதும் உண்மை, இரண்டும் சேர்ந்து ஏறவில்லை. "என் மாப்பிள்ளை தூக்கினாரும்மா" என்றேன். "தங்கமான மனுசன்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். அன்றைக்குக் கடையில் நான் சொன்னதிலேயே நிம்மதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஆகவே, மாப்பிள்ளை, உங்கள் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. உங்கள் மூச்சிலும் இல்லை, வயதிலும் இல்லை. குறை முழுக்க என்னிடம். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஷூவைக் கொடுத்த ஆளிடம் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். அவர் தரவில்லை என்றால் என் ஷூவைத் தருகிறேன், உங்களுக்கு அரை அளவு பெரிதாக இருக்கும். குழுவில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிடவும் தயாராக இருக்கிறேன். "தராசு சார்" என்று அதற்கப்புறம் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, கூப்பிட்டாலும் அது வேறு தொனியில்தான் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்கிறேன். பெரியவன் என்று பார்க்காமல், உங்களுக்குத் தோன்றிய இரண்டு வார்த்தை திட்டி எழுதுங்கள். எனக்கு அது மருந்து மாதிரி இருக்கும்.

என் மகளுக்கு என் ஆசிகள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இரக்கத்தைப் பொறுத்தது. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நோயற்ற உடம்பும், குறிப்பாக நோயற்ற மூட்டுகளும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அத்தை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். நான் திரும்பி வரும்போது கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, எந்த லென்ஸ்? அந்தக் கறுப்புக் குழாயா? அதை ஓடை தாண்டின அடுத்த வளைவுலயே மாப்பிள்ளை என்கிட்ட குடுத்துட்டாரே! 'அத்தை, மாமாவோடது எப்படியோ என் பையில வந்திருக்கு, அவரு முன்னாடி போயிட்டாரு, நீங்க பாத்தா குடுத்துடுங்க'ன்னாரு. நீங்கதான் எங்கயும் நிக்கவே இல்லையே. மேல வரைக்கும் நான்தான் கொண்டுவந்தேன்" என்றாள். அப்படியென்றால் அந்த ஆடு நின்ற நேரத்தில் லென்ஸ் எனக்கு இரண்டு கை தூரத்தில் இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றேன். "வெளிச்சம் சரியில்லன்னீங்களே" என்றாள்.

எனவே மேலே கேட்ட மன்னிப்பு விலாசம் தவறி உங்களுக்கு வந்துவிட்டது. தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முழங்கால் வலி உங்கள் சொந்த முழங்கால் வலிதான். உடனே டாக்டரைப் பாருங்கள்.

அதோடு உங்கள் அத்தை எழுந்து போய்விட்டாள். புதுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வழிகாட்டிப் பெண்ணுக்குப் போன் போட்டு, அடுத்த மாதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தாள். அடுத்த அறையில் இருந்ததால் எத்தனை பெயர் என்பது சரியாகக் காதில் விழவில்லை. போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. நீங்கள் அவளிடம் பேசும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.