நேசையா மாஸ்ரரும் வானின் தண்ணீர்த் தாங்கியும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பண்டத்தரிப்பு நேசையா மாஸ்ரர் கிணற்றுக்கட்டில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இனி இந்தப் பிறவியில் தண்ணீர் அள்ளுவதில்லை என்று முடிவெடுத்தார். அவர் கிறிஸ்தவர். அவருக்கு இருந்ததே ஒரு பிறவிதான். ஆகவே அது சின்ன முடிவு அல்ல.

மாஸ்ரர் என்றால் பள்ளிக்கூட மாஸ்ரர் அல்ல, ஸ்ரேசன் மாஸ்ரர். சண்டையால் ரயில் ஓடாமல் நின்றதும் அவர் வீட்டில் வந்து குந்தினார். மண்ணெண்ணெய் வராமல் நின்றதும் தண்ணீர்ப் பம்ப்பும் கொட்டிலில் குந்தியது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த அவர் மனைவி வினிபிரட், சும்மா இருக்கிற பம்ப்பின் வேலையைச் சும்மா இருக்கிற மனிதர் பார்க்கலாம் என்ற முடிவுக்கு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவளுடைய கத்தரிப் பாத்திகள் இருந்தன. அந்தக் கத்தரிக்காய்க்குச் சண்டிலிப்பாய் வரைக்கும் பேர். பேர் அவளுக்கு. வாளி அவருக்கு.

"நான் ஸ்ரேசன் மாஸ்ரர். வோட்டர் பம்ப் இல்லை," என்றார் அன்றைக்கு.

"ஓம், தெரியும். பம்ப் இவ்வளவு கதைக்காது," என்றாள் வினிபிரட்.

அந்தச் சொல்லோடு மாஸ்ரர் வீட்டை விட்டு வெளியேறினார். போகத் தூர இடம் தேவைப்படவில்லை. வளவுக்குள்ளேயே, மாமரத்துக்குக் கீழே, ஒரு வான் வண்டி நின்றது. கிணற்றுத் தண்ணீரை ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வான் அது. எண்பத்துமூன்றில் கலவரம் தொடங்கியதும், ஒரு மாதத்தில் திரும்பி வருகிறோம் என்று திறப்பை மாஸ்ரரின் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள், இன்னும் அந்த ஒரு மாதத்தை முடிக்கவில்லை. வானின் சில்லுகள் பாதி மண்ணுக்குள் போய்விட்டன. ஆனால் உள்ளே ஒரு வீட்டையே மடித்து வைத்தது போல எல்லாம் இருந்தன. படுக்க ஒரு நீள வாங்கு, உடுப்புக்கு அலுமாரி, சமைக்க அடுப்பு, கை கழுவத் தொட்டி, தொட்டிக்கு மேலே கையால் அடிக்கிற ஒரு சின்னக் குழாய்.

மாஸ்ரர் தலையணையும் வேதாகமமுமாகக் குடிபுகுந்தார். வினிபிரட் அழவில்லை. நுளம்பு வலை வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். அது அவருக்குக் கொஞ்சம் நொந்தது.

பத்து மணிபோல அவருக்குத் தண்ணீர் விடாய்த்தது. குழாயை அடித்தார். அது முதலில் இருமியது. பிறகு செருமியது. பிறகு எட்டு வருசம் வாய் திறக்காதிருந்த ஒன்று வாய் திறந்த மாதிரி ஒரு நாற்றத்தை விட்டு, தேயிலைச் சாயம் போல ஏதோ ஒன்றைக் கக்கியது. அதற்குள் இரண்டு புழுக்கள் உற்சாகமாக நீந்தின. குசினிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டால், புரட்சி மத்தியானத்துக்கு முன்னமே முடிந்துவிடும். ஆகவே பழைய தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதற்கு முதலில் தாங்கி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மாஸ்ரர் வானுக்குள் தண்ணி தேடுகிறார் என்ற செய்தி வேலியைத் தாண்டி அருளம்பலத்தின் காதில் விழுந்தது. அருளம்பலம் பக்கத்து வளவுப் புகையிலைத் தோட்டக்காரர், நல்ல மனிதர். வெள்ளைக்காரன் விட்டுப்போன தண்ணி என்றதும் கையில் ஒரு கிளாசோடும், கடிக்கப் பொரித்த சூடை மீனோடும் வேலிக் கண்டாய இடைவெளியால் வந்து சேர்ந்தார். தேடுகிற தண்ணி வெறும் தண்ணீர்தான் என்று அறிந்ததும் கிளாசை மடிக்குள் செருகிக்கொண்டு, வந்தது வந்துவிட்டோமே என்று உதவிக்கு நின்றார்.

தாங்கி எப்போதும் மேலேதான் இருக்கும் என்பது அருளம்பலத்தின் கட்சி. ஊரில் எந்தத் தண்ணீர்த் தாங்கி கீழே இருக்கிறது என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. மாஸ்ரர் ஏணி வைத்து வானின் கூரையில் ஏறினார். அங்கே ஒரு மூடி இருந்தது. திறந்ததும் ஓர் அணில் குடும்பம் அவருடைய வேட்டி வழியாக இறங்கி ஓடியது. மாஸ்ரரும் ஏணியைப் பாவிக்காமலே இறங்கினார்.

அடுத்து, கீழேதான் இருக்கும் என்று மாஸ்ரர் தீர்மானித்தார். வானுக்குக் கீழே மல்லாந்து படுத்து ஊர்ந்து போனார். பின்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பெட்டியும் அதன் அடியில் ஒரு புரிஆணியும் தெரிந்தன. கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்து, ஆணியைத் திருகிக் கழற்றினார். வந்தது எஞ்சின் ஒயில். அது அவருடைய நெற்றியில் தொடங்கி நெஞ்சில் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து வினிபிரட் கத்தரிப் பாத்திக்கு ஒரு வாளித் தண்ணீரோடு அந்த வழியால் போனாள். வானுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து நின்றாள்.

"என்ன தேடுறியள்?"

"தாங்கி," என்றது வானுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"இவ்வளவு வருசமும் தாங்கினது நான். என்னைத் தேடேல்லை," என்றாள் வினிபிரட். பிறகு, போகிற போக்கில், "குழாயிலை இருந்து ரியூப்பைப் பிடிச்சுக்கொண்டு போனால் அது போற இடத்திலைதானே தாங்கி இருக்கும்," என்றுவிட்டு நடந்தாள்.

அதைத்தான் தானும் அடுத்ததாகச் செய்ய இருந்ததாக மாஸ்ரர் அருளம்பலத்துக்கு விளக்கினார். இருவரும் தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, ரியூப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது அலுமாரிக்குப் பின்னால் போனது, மூலையில் திரும்பியது, மாஸ்ரர் தலையணை போட்டிருந்த வாங்குக்குள் நுழைந்தது. வாங்குப் பலகையைத் தூக்கினால், ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய நீளத்தில் வெள்ளைத் தாங்கி. அவர் காலையிலிருந்து அதற்கு மேல்தான் இருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

தாங்கியின் அடியிலிருந்து வானின் தரைக்குக் கீழே ஒரு குழாய் போனது. மாஸ்ரர் மறுபடி வானுக்கு அடியில் போனார். பின்சில்லுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஒரு குழாய்த் திருகி இருந்தது. திறந்தார். ஒரு சொட்டு வந்தது. யோசித்து இன்னொரு சொட்டு வந்தது. அடைத்துவிட்டது என்று நினைத்து, முகத்தை நேரே கீழே வைத்துக்கொண்டு ஒரு ஈர்க்கால் குத்தினார்.

வெளியே அருளம்பலம் சும்மா நிற்கவில்லை. வானின் பக்கச் சுவரில் ஒரு மூடியைக் கண்டார். தாங்கிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாய் அது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க அதைத் திறந்தார். அவ்வளவுதான். மேலே காற்றுப் போக வழி கிடைத்ததும், எட்டு வருசத் தண்ணீரும் கீழே இருந்த வழியால் ஒரேயடியாக இறங்கியது. அது இறங்கிய இடத்தில் மாஸ்ரரின் வாய் திறந்திருந்தது.

சத்தம் கேட்டு வினிபிரட் ஓடி வந்தாள். கணவர் மூச்சு விடுகிறாரா என்று ஒருமுறை பார்த்தாள். விட்டார். அதற்குப் பிறகு அவள் பார்த்தது தண்ணீரை. அது மாமரத்தடியிலிருந்து பள்ளம் பார்த்து ஓடி, வாய்க்கால் வெட்டி விட்டது போல நேரே அவளுடைய கத்தரிப் பாத்திக்குள் போய்ப் படுத்தது. அவள் அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் மாஸ்ரர் குளித்து முழுகித் தாங்கியை நிரப்பினார். கவிழ்த்து வைத்த வாளியை நிமிர்த்த வேண்டியிருந்ததுதான். ஆனால் இது வேறு தண்ணீர். தன் தண்ணீர். தன் விருப்பத்துக்கு, தன் தாங்கிக்கு. அள்ளி அள்ளிப் புனல் வைத்து ஊற்றினார். தாங்கி குடித்துக்கொண்டே இருந்தது. நிரம்பியபோது தோள் இரண்டும் கழன்றிருந்தன. உள்ளே போய்க் குழாயை அடித்து, சில்லென்ற தண்ணீர் ஒரு கோப்பை குடித்தார். சுதந்திரம் இனித்தது.

மறுநாள் காலை முகம் கழுவிக்கொண்டு, வழக்கம்போலச் சந்திக்குப் போய்த் தேத்தண்ணிக் கடையில் பேப்பர் பார்த்து, நாட்டு நிலவரம் பேசி வந்து குழாயை அடித்தார். காற்று வந்தது. தாங்கிக்குள் எட்டிப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அவர் மறுபடி நிரப்பினார். அடுத்த நாளும் சந்திக்குப் போய் வந்தால் காற்றுத்தான். தாங்கி வெடித்திருக்கும் என்று அருளம்பலம் சொன்னார். வெடிப்பைத் தேடினார்கள், இல்லை. வெயிலுக்கு வற்றுகிறது என்றார். வானுக்கு மேல் தென்னோலைக் கிடுகு போட்டார்கள், அதற்கும் வற்றியது. கடைசியில் அருளம்பலம், வெள்ளைக்காரன் செத்துப்போய் ஆவியாக வந்து தண்ணீர் குடிக்கிறான், ஆராய்ச்சி இன்னும் முடியவில்லைப் போல என்று அபிப்பிராயப்பட்டார். மாஸ்ரருக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை என்று இரண்டு தரம் நிரப்பினார்.

இந்த நாட்களில் வினிபிரட் அவரிடம் வைத்த அன்பைச் சொல்லி முடியாது. காலையில் முட்டை அப்பம் வந்தது. மத்தியானம் மீன் குழம்பு வந்தது. நெய்போலக் கரைகிற கத்தரிக்காய்ப் பால்கறி வந்தது. பிரிவு அவளை உருக்குகிறது என்று மாஸ்ரர் விளங்கிக்கொண்டார். கத்தரிப் பாத்திப் பக்கம் மட்டும் அவர் தலை திருப்பவில்லை. அது கொள்கை.

பத்துப் பன்னிரண்டு நாள் போனபிறகு அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. சந்திக்குப் போவது போலப் படலையைத் திறந்து போய், அருளம்பலத்தின் வளவால் சுற்றி வந்து, வானுக்குள் ஏறி வாங்கில் சத்தமில்லாமல் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய முதுகுக்குக் கீழே மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மெல்ல எழும்பி யன்னலால் பார்த்தார்.

பின்சில்லடியில் முக்காலி போட்டு வினிபிரட் இருந்தாள். கையில் பின்னல் வேலை. திருகியில் பழைய பம்ப்பின் ஹோஸ் மாட்டி, சைக்கிள் ரியூப்பால் வரிந்து கட்டியிருந்தது. ஹோஸின் மற்றத் தலைப்பு கத்தரிப் பாத்தியில் கிடந்தது. கத்தரி ஒவ்வொன்றும் மாஸ்ரரின் இடுப்பு உயரத்துக்கு நின்றது.

"வினிபிரட், இது களவு," என்றார் மாஸ்ரர் யன்னலால்.

அவள் திடுக்கிடவில்லை. ஒரு கண்ணி பின்னி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "என்ன களவு? நிண்ட தண்ணியிலை புழு வரும். நாளுக்கு நாள் மாத்தாட்டில் உங்களுக்கு வயித்தாலை போகும் எண்டு நான்தான் திறந்து விடுறனான்."

"அப்ப என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் அள்ளுவியளே?"

மாஸ்ரரிடம் ஒரு தந்திரம் இருந்தது. இந்தக் கணமே வானை விட்டு வீட்டுக்குத் திரும்புவதாகவும், இனித் தாங்கிக்கு ஒரு சொட்டும் ஊற்றப் போவதில்லை என்றும் அறிவித்துவிட்டு, தலையணையோடு இறங்கினார். வினிபிரட் சரி என்றாள். இவ்வளவு சுகமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அவளை வென்றுவிட்டதாக மாஸ்ரர் வேலிக்கு மேலால் அருளம்பலத்துக்குச் சொன்னார். அருளம்பலமும் பாராட்டினார்.

அடுத்த நாள் காலை மாஸ்ரர் தன் சொந்தக் கட்டிலில் எழும்பியபோது வீட்டில் தேத்தண்ணி வாசம் இல்லை. குசினிக்குப் போனார். அடுப்பு ஆறிக் கிடந்தது. சட்டி இல்லை, பானை இல்லை, தேங்காய்த் திருவலையும் இல்லை. வாசம் மாமரத்துப் பக்கமிருந்து வந்தது.

வானின் யன்னலில் பழைய சேலையில் தைத்த திரை ஆடியது. வாசலில் அடுப்பு மூட்டியிருந்தது. உள்ளே வாங்கில் காலை நீட்டி இருந்து வினிபிரட் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று மாஸ்ரர் கேட்டார். அவள் கோபப்படாமலே காரணம் சொன்னாள். வானுக்குள் எவ்வளவு நிம்மதி என்று அவர் சந்தி முழுக்கச் சொன்னது தன் காதுக்கும் வந்ததாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து தானும் அந்த நிம்மதியைத்தான் தேடியதாம். சாப்பாட்டுக்கு அவர் யோசிக்க வேண்டாமாம், நேரத்துக்கு யன்னலால் வருமாம். ஆனால் இங்கே தண்ணீர் வருகிறது குழாயால் மட்டும்தானாம், குழாயில் வரத் தாங்கி நிறைய வேண்டுமாம்.

மாஸ்ரர் கொள்கையோடு வீட்டுக்குத் திரும்பிப் போய் இருந்தார். ஒன்பது மணிக்கு மீன்காரர் படலையில் மணியடித்தார். வினிபிரட் பாரை மீன் வாங்குவது தெரிந்தது. பதினொரு மணிபோல மிளகாய்த்தூளும் புளியும் சேர்ந்து கொதிக்கிற மணம் வளவெல்லாம் பரந்து, வீட்டுக்குள் வந்து, மாஸ்ரரின் பக்கத்தில் குந்தியது. கொள்கை எழும்பி வெளியே போனது. அவரும் எழும்பினார்.

கிணற்றடியில் வாளியும் புனலும் தயாராக இருந்தன. வாளி வாளியாக அள்ளி வந்து ஊற்றினார். ஊற்ற ஊற்றப் பின்சில்லடியில் ஹோஸ் புடைத்துக்கொண்டு கத்தரிப் பக்கம் ஓடுவதை இந்த முறை அவர் கண்ணால் கண்டார். அடுத்த வாளிக்குக் கிணற்றடிக்குப் போனார்.

திரையை விலக்கி வினிபிரட் தலையை நீட்டினாள்.

"சத்தம் போடாமல் ஊத்துங்கோ. குழம்பு வத்துமட்டும் நான் கொஞ்சம் சரிஞ்சு படுக்கப்போறன்."