அதிகாரிக்கு ஒரு கண்ணீர்க் கடிதம்

எவரிஸ்தோ வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு முடிவெடுத்தான். மனைவி நெலிதாவுக்கு அமெரிக்க விசா கிடைக்கவே கூடாது!

அதை அவளிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் மூன்று செருப்புக் கடைகளுக்கு முதலாளி அவன். வீட்டில் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் அவளைத்தான் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்து வேதியியல் டீச்சரான அவளுக்கு, நாற்பத்து மூன்று வயதில், அரிசோனாவில் மண்ணைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம், உதவித்தொகையோடு. மகள் வளரட்டும், மாமியார் தேறட்டும் என்று பதினாறு வருடம் தள்ளிப்போட்ட படிப்பு. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

"மண்ணைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம கொல்லையிலயே வண்டி வண்டியா கெடக்குதே!"

"அதுல நீ நட்ட எலுமிச்சை ஏன் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் போறேன். சரி, குண்டா, விசா அதிகாரிகிட்ட காட்ட ஒரு கடுதாசி எழுதிக் குடு."

எழுதினான். ஆம்பிளை அல்லவா? 'இவள் இல்லாவிட்டாலும் என் வீடு ஜம்மென்று நடக்கும். எனக்கு ஒரு குறையும் வராது.' இரண்டே வரி. நெலிதா படித்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்று மடித்து எங்கோ வைத்தாள்.

மறுநாளே ஃபுல்ஹென்சியோ செருப்புக் கடைக்கு வந்தான். எவரிஸ்தோ மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அந்த உறவில் எவரிஸ்தோ அவனுக்குக் கொம்பாத்ரே, நெலிதா கொமாத்ரே.

"என்ன கொம்பாத்ரே, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"அவ போயிடுவா போலிருக்குடா."

"போகாதேன்னு சொல்லு."

"நான் சொல்லி எதைக் கேட்டிருக்கா?"

"நீ ஏன் சொல்லணும்? அதிகாரி சொல்லட்டும். ஒரு கடுதாசி எழுதி, ரகசியமா அவ கோப்புல செருகிடு. அவ இல்லேன்னா நீ நாறிப்போவேன்னு உருக்கமா எழுது. அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பால்ல? 'ஐயோ பாவம்'னு விசாவை நிறுத்திடுவான்."

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தோணுது?"

"தோணுது, தோணுது" என்று ஃபுல்ஹென்சியோ சுவரைப் பார்த்தான்.

செருப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதினான் எவரிஸ்தோ. நாலு பக்கம். தனக்குப் பீன்ஸ் வேகவைக்கத் தெரியாது. தெருவில் மணியடித்து வருவது குப்பை வண்டியா கேஸ் வண்டியா என்று தெரியாது. ஒருமுறை கேஸ்காரனிடம் குப்பைப் பையை நீட்டி வாங்கிக்கட்டிக்கொண்டான். அவள் குறட்டை கேட்காவிட்டால் தூக்கம் வராது. எழுத எழுத அவனுக்கே அழுகை வந்துவிட்டது. சூழ்ச்சி செய்ய உட்கார்ந்தவன் ஒரு பொய்கூட எழுதவில்லை. அவள் போனால் அவன் அநாதை.

உறையை ஒட்டினான். 'அதிகாரி கண்ணுக்கு மட்டும்' என்று எழுதிக் கோப்பில் செருகினான்.

நேர்காணல் நாள் வந்தது. தூதரகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் நெலிதா தன் போனை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எவரிஸ்தோ ஒரு டம்ளர் தெஹுயினோ வாங்கினான். புளித்த சோளச் சாறு அன்றைக்குத் தேனாக இறங்கியது. எதிர்க் கடைக் கண்ணாடியில் துக்க முகத்தைப் பலவிதமாக வைத்துப் பழகினான். தோளில் தட்டிச் சொல்ல ஒரு வசனமும் தயார்.

நெலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"போனா போகுது, கண்ணு. நமக்குக் குடுப்பினை..."

"கெடச்சிடுச்சு!"

"என்னது?"

"விசா!"

"அவன் கடுதாசியைப் படிக்கலையா?" வாய் முந்திக்கொண்டது.

"படிச்சானே! சிரிச்சுச் சிரிச்சு அவனுக்குக் கண்ணுல தண்ணி. 'படிச்சு முடிச்சா ஊருக்குத் திரும்புவீங்கன்னு என்ன நிச்சயம்?'னுதான் எல்லாரையும் மடக்குறான். முன்னாடி நின்ன மூணு பேருக்கு அதுலயேதான் போச்சு. நான் பேசவே இல்லை, உறையை நீட்டிட்டேன். 'இந்த ஆளை விட்டுட்டு நீங்க அங்க தங்க முடியாதும்மா, படிச்சிட்டு ஓடி வந்துடுங்க'ன்னுட்டான்."

எவரிஸ்தோவுக்குத் தெஹுயினோ மூக்கில் ஏறியது.

நெலிதா கைப்பையிலிருந்து அந்த நாலு பக்கத்தையும் எடுத்துத் தடவினாள். "கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷத்துல நீ எழுதின மொத காதல் கடுதாசி. அதையும் எவனோ ஒருத்தனுக்கு எழுதியிருக்கே."

"நீ திரும்பி வந்துடுவேல்ல?" அவன் குரல் நிஜமாகவே உடைந்தது.

"வராம? கேஸ்காரன் பாவம் இல்லையா!"

அவன் சட்டைப்பையில் அவளுடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். வாய் திறப்பதற்குள் ஃபுல்ஹென்சியோ கொட்டித் தீர்த்தான்:

"கொமாத்ரே, கெடச்சிடுச்சா? நீங்க சொல்லிக் குடுத்ததை ஒரு வரி விடாம ஒப்பிச்சேன். அந்த மக்கு உருக்கமா எழுதினானா, இல்லையா?"

எவரிஸ்தோ மனைவியைப் பார்த்தான். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

"எழுதினான்" என்றான்.