வேல்விழியின் இரண்டு கைகள்

"இப்ப என்ன செய்யப் போறீங்க, தாரிகா?" என்று நபீஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"மந்திரம் சொல்லப் போறன்."

"எந்தக் கையால?"

தாரிகா தன் முன்னால் கிடந்த தாளைப் பார்த்தாள். வலது கையில் வாள். இடது கையில் கேடயம். இரண்டையும் அவளே பென்சிலால் எழுதியிருந்தாள்.

"கையில்லாமல் சொல்லேலாதோ?"

"ஏலாது. மந்திரத்துக்கு ஒரு கை சும்மா ஈக்கணும்."

"சரி, வாளைக் கீழ போடுறன்."

நபீஸ் இருபது முகமுள்ள பகடையை உருட்டினார். விழுந்த எண்ணைப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்குப் போனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"குட்டிப் பூதம் உங்கட வாளை எடுத்துட்டுது."

லவினா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். தாரிகாவின் கணவன் மிதுஷன் மட்டும் சிரிக்கவில்லை. "பரவாயில்லையப்பா, முதல் நாள்தானே," என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் தாரிகாவுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் நபீஸின் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நடக்கிற 'ரோல் பிளே' விளையாட்டு இது. நபீஸ் கதை சொல்லுவார். காடு, குகை, பூதம் எல்லாம் அவர்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்லலாம். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மிதுஷன் ஒரு வைத்தியத் துறவி. அவனோடு கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை செய்யும் லவினா, வில்லாளி. இவர்களோடு இன்று புதிதாகச் சேர்ந்தவள்தான் தாரிகாவின் வேல்விழி.

தாரிகாவுக்குக் கலியாணமாகி ஐந்து மாதம். வெள்ளவத்தையில் குடியிருந்தார்கள். பெரியவர்கள் முதன்முதலாக அவர்கள் இருவரையும் தனியே கதைக்க விட்டபோது, மிதுஷன் வேர்த்து விறுவிறுக்க அரை மணித்தியாலம் கதைத்தது முழுக்க இந்த விளையாட்டைப் பற்றித்தான். பூதத்துக்கு எத்தனை உயிர்ப் புள்ளி, துறவி எத்தனை தரம் காயம் ஆற்றலாம் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னான். ஒரு மனிதன் ஒரு விஷயத்தில் இவ்வளவு உயிராக இருப்பானா என்று அவளுக்கு ஆச்சரியம். அந்த வேர்வையைப் பார்த்துத்தான் அவனை அவளுக்குப் பிடித்தது.

கலியாணத்துக்குப் பிறகு ஞாயிறு இரண்டு மணியானதும் அவன் அவள் முகத்தைப் பார்ப்பான். 'போகட்டுமா' என்று கேட்கிற பார்வை என்று அவள் நினைத்தாள். நாலு மாதம் தனியே அனுப்பினாள். ஐந்தாம் மாதம், "நானும் வாறன்," என்றாள். மிதுஷனின் முகம் அப்படியே மலர்ந்தது.

"அப்ப நான் என்ன ஆளா வரட்டும்?"

"வீராங்கனை நல்லம். எங்களிட்ட சண்டைக்காரர் இல்லை." பிறகு யோசித்து, "மந்திரக்காரரும் இல்லைதான்," என்றான்.

இரண்டில் ஒன்றை எடுத்தால் மற்றது இல்லாமல் போகுமே என்று தாரிகா இரண்டையும் எடுத்தாள். விதியில் இடம் இருந்தது. ஏறுகிற தேர்ச்சிப் படிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மற்ற இருவரும் நாலாம் படியில் நிற்க, வேல்விழி வீரத்தில் இரண்டாம் படியிலும் மந்திரத்தில் இரண்டாம் படியிலும் நின்றாள். இரண்டிலும் அரைகுறை.

அடுத்த ஞாயிறு அவள் கேடயத்தை விட்டுவிட்டு வந்தாள். ஒரு கை சும்மா இருந்தது. மந்திரம் வந்தது. கேடயம் இல்லாதபடியால் அடியும் வந்தது. அடி விழுந்ததும் கவனம் சிதறி மந்திரம் கலைந்தது.

"மூளை காணாது," என்றாள் தாரிகா. அதற்கடுத்த ஞாயிறு நபீஸிடம் கெஞ்சி, உடல் பலத்தில் இருந்த புள்ளிகளைப் புத்திக்கு மாற்றினாள். மந்திரம் இப்போது அழகாக நின்றது. ஆனால் வாளை வீசினால் காற்றைத்தான் வெட்டியது. ஒரு தரம் குகைச் சுவரை வெட்டி, கல் உடைந்து லவினாவின் காலில் விழுந்தது.

"அக்கா, பூதமே பரவாயில்லை போல," என்றாள் லவினா.

நாலாம் ஞாயிறு தாரிகா கொஞ்சம் வைத்தியமும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தாள். மூன்று தொழில்! நபீஸ் கண்களை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஒரு மலைப்பூதம் வந்தது. வேல்விழி வீசிய வாளும் படவில்லை, சொன்ன மந்திரமும் பலிக்கவில்லை, ஆற்றப்போன காயமும் ஆறவில்லை. பூதம் அவள் தலைக்கு மேல் கதாயுதத்தை ஓங்கியது.

"நான் குறுக்க பாயிறன்," என்றான் மிதுஷன்.

"யோசிச்சுச் செல்லுங்க. உங்கட உயிர்ப் புள்ளி மூண்டுதான் ஈக்கு," என்றார் நபீஸ்.

"பாஞ்சிட்டன்."

துறவி செத்துப்போனார். மடித்து மடித்து மூலைகள் கிழிந்துபோன துறவியின் தாளை மிதுஷன் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவன் பகிடிதான் விட்டுக்கொண்டு வந்தான். தாரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் உயிராக வைத்திருந்த ஒன்றைத் தன் இரண்டுங்கெட்டான் வேல்விழி கொன்றுவிட்டாளே.

செவ்வாய்க்கிழமை, தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே நபீஸின் கடைக்குப் போனாள். வெள்ளவத்தையில், காலி வீதியில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது.

"நபீஸ் நானா, ரெண்டு தொழிலை எப்பிடி ஒழுங்காச் சேர்க்கிற? எனக்கு அதை மட்டும் சொல்லித் தாங்கோ. அவருக்குத் தெரியவேண்டாம்."

நபீஸ் ஒரு கண்ணாடி வில்லையைத் துடைத்தபடி யோசித்தார். "நீங்க ரெண்டையும் சமமா வளர்க்கப் பார்த்தீங்க. அதான் பிழை. ஒண்டை முதல்ல நல்லா வளருங்க. மத்தது தேத்தண்ணிக்குச் சீனி மாதிரி, கொஞ்சம் போதும். அடுத்தது, ரெண்டும் ஒரே திறமையில ஓடணும். வாளுக்குப் பலம், மந்திரத்துக்குப் புத்தி எண்டு ஈந்தா புள்ளி பத்தாது."

"அப்பிடி ஒரே திறமையில ஓடுற ரெண்டு இருக்கோ?"

"சபதம் எடுத்த வீரர் ஒண்டு, பாட்டுக்காரர் ஒண்டு. ரெண்டு பேரோட சக்தியும் பேச்சுக் கவர்ச்சியில இருந்துதான் வரும். பாட்டுக்குக் கை தேவல்ல, வாய் போதும். நீங்க தமிழும் நாடகமும் படிச்சுக் குடுக்கிற டீச்சர். புள்ளைகளுக்கு வேஷம் குடுத்து, ரோல் பிளே எண்டுதானே பாடமே நடத்துறீங்க? பேச்சு உங்களுக்குச் செல்லியா தரணும்?"

தாரிகா துள்ளிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தாள். எதிரே பஸ்ஸால் இறங்கி நின்றான் மிதுஷன்.

அவன் அவளைப் பார்த்தான். கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தான். "கண்ணுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை... கொஞ்சம் மங்கலாத் தெரியுது," என்றாள் தாரிகா. நாடக டீச்சருக்கு அதைவிட நல்ல பொய் அந்த நேரம் வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கரட் சம்பல், கரட் கறி, கரட் ஜூஸ். மிதுஷன் அறைக்கு அறை பல்பு மாற்றினான். படியில் இறங்கும்போது கையைப் பிடித்தான். அவள் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தால், "நீர் சும்மா இரும், நான் வாசிக்கிறன்," என்று பிடுங்கி, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய 'எனது நாய்' கட்டுரைகள் முப்பத்தாறையும் உரத்து வாசித்தான்.

வெள்ளிக்கிழமை கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டொக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அருமையான கண். ஒரு குறையும் இல்லை," என்றார்.

தாரிகா மூச்சு விட்டாள். மிதுஷனுக்கு மூச்சு நின்றது.

"கண்ணில ஒண்டும் இல்லையெண்டா, பிறகு ஏன் மங்கலாத் தெரியுது? மூளையில ஏதுமோ டொக்டர்?"

வெளியே வந்ததும் அவன் மூளை டொக்டர் ஒருவரின் நம்பரைத் தேட ஆரம்பித்தான். தாரிகா ஓடிப்போய் நபீஸிடம் அழாக்குறையாகச் சொன்னாள். நபீஸ் பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றைச் செய்து, "இதைப் போட்டுட்டு இப்ப நல்லாத் தெரியுது எண்டு செல்லுங்க. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்," என்று கையில் கொடுத்தார்.

"தெளிவாத் தெரியுது," என்றாள் தாரிகா வீட்டுக்கு வந்து.

மிதுஷன் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழும்பி வந்தபோது அவன் மேசையில் அடிமட்டமும் பேனையுமாக இருந்தான். அவள் எழுதி வைத்திருந்த வேல்விழியின் புதுத் தாளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக, ஏழு பக்கங்களில் எழுதிக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி போட்டாலும், கண்ணுக்குக் களைப்பாயிருக்குமெல்லோ," என்றான்.

தாரிகாவால் தேத்தண்ணி குடிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் வேல்விழி புது ஆளாகக் குகைக்குள் போனாள். மிதுஷன், செத்துப்போன துறவியின் தம்பித் துறவியாக வந்தான். பாதி வழியிலேயே மலைப்பூதம் தம்பித் துறவியையும் கழுத்தில் பிடித்தது.

தாரிகா எழுந்து நின்றாள். "என்ர ஆளை விடு!" என்று அவள் வேல்விழியின் குரலில் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ஒரு வரி பாட்டால் துறவிக்குத் தெம்பு வந்தது. இரண்டு கையாலும் பிடித்த வாள் சபதத்தோடு இறங்கியது. பகடை இருபதைக் காட்டியது.

பூதம் விழுந்தது. லவினா கை தட்டினாள். நபீஸ் சொந்தப் பூதம் செத்ததையும் மறந்து சிரித்தார்.

"பாத்தீரே!" என்று மிதுஷன் துள்ளினான். "கண்ணாடி போட்டதும் எல்லாம் சரிவந்திட்டுது!"

அதற்கு மேல் தாரிகாவால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என்ர கண்ணில ஒரு குறையும் இல்லையப்பா. இது வெறும் கண்ணாடி. அண்டைக்கு நான் கடைக்குப் போனது, இந்த விளையாட்டை ஒழுங்காப் பழகத்தான். உங்கட துறவியை நானெல்லோ சாகடிச்சனான். எனக்கு இந்தப் பகடை, படி, புள்ளி ஒண்டும் விளங்காது. ஆனா இது உங்கட உயிரான விளையாட்டு. அதில நானும் ஒரு மூலையில இருக்க வேணும் எண்டு ஆசைப்பட்டன். அவ்வளவுதான்."

மிதுஷன் வாயைத் திறந்தான். "என்ர... உயிரான விளையாட்டோ?"

அவன் நபீஸைப் பார்த்தான். நபீஸ் பகடைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போடுவதில் மும்முரமானார். வாய்க்குள் இருந்த பணிஸை விழுங்கிவிட்டு லவினாதான் சொன்னாள்:

"ஐயோ அக்கா, போன வருசம் அண்ணா ஒஃபிசில என்னட்ட வந்து, 'நான் ஞாயிற்றுக்கிழமை பாக்கப்போற பொம்பிளையின்ர கலியாணக் குறிப்பில பொழுதுபோக்கு ரோல் பிளே எண்டு கிடக்கு, உந்த விளையாட்டை அதுக்கு முதல் எப்பிடியாவது எனக்குப் பழக்கி விடு' எண்டு கெஞ்சினவரெல்லோ!"